மோதிர விரலைச் சோதிக்காத நாள்

என் வேலை மற்றவர்களின் கைகளைப் பிடித்துப் பார்ப்பது. தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் முதல் மாடிக் கோடியில் சின்ன அறை ஒன்று இருக்கிறது. நரம்பு வழியாகக் கரண்ட் போகும் வேகத்தை அளக்கிற மிஷினோடு பதினாறு வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். போடியிலிருந்து காலை எட்டு மணி பஸ்சில் போனால் சாயங்காலம் ஆறுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

என்னிடம் வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவர்கள், தையல் மிஷின் மிதிப்பவர்கள், ஓட்டலில் மாவு பிசைகிறவர்கள். மலைத் தோட்டங்களில் பல வருடம் இருந்துவிட்டு இறங்கி வந்தவர்கள் மலையாளத்தையும் கலந்து "கை வய்யம்மா" என்பார்கள். கை முடியவில்லை என்று அர்த்தம். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். விரல்கள் மரத்துப்போகின்றன. தூங்கும்போது எழுப்பிவிடுகிறது. எழுந்து உதறினால் கொஞ்சம் தேவலை. பாத்திரம் கைக்குத் தெரியாமலே நழுவி விழுகிறது.

நான் கேட்டுக்கொண்டே மணிக்கட்டில் பசையைத் தடவி, விரலில் வளையம் மாட்டி, "லேசாச் சுண்டுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்பேன். பதினாறு வருடமாக அதே வாக்கியம்தான். அந்த அறையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

மதினி என் அண்ணன் மனைவி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். சிலமலையில் பிறந்து, இருபது வயதில் போடிக்கு வாக்கப்பட்டு வந்தார். அண்ணன் குரங்கணிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறார். காலையில் தோட்டத்து ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப் போவார், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். அவர்களுக்கு ஒரே மகள், கம்பத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. அண்ணனும் மதினியும் என் அம்மாவும் ஒரு வீட்டில். நானும் என் கணவரும் இரண்டு தெரு தள்ளி.

மதினி ஊருக்குள் ஒரு வியாபாரியின் குடோனில் காய் பொறுக்கப் போய்வந்தார். மலையில் உலர்த்தி மூட்டையாக வரும் ஏலக்காயைத் தரையில் கொட்டி வைத்திருப்பார்கள். காம்பைக் கிள்ள வேண்டும், வெடித்ததை ஒதுக்க வேண்டும், நிறம் மங்கியதைத் தனியே தள்ள வேண்டும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகுகிற வேலை. இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தார். அவர் கை ஓடுவதை ஒருநாள் குடோன் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். காய்களைக் கண்ணால் பார்த்த மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே இருந்தார், விரல்கள் தாமாகவே கிள்ளி, தாமாகவே ஒதுக்கின.

அவர் முதன்முதலில் கையைப் பற்றிச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சாப்பாடு பரிமாறும்போது அவர் கையிலிருந்த ரசச் சொம்பு நழுவி அண்ணன் இலைமேல் கவிழ்ந்தது.

"இந்த வாரத்துல மூணாவது தடவ," என்றார் அண்ணன்.

மதினி துணி எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "கை மரத்துப்போகுது ஆத்தா. பெருவெரலு, இந்த ரெண்டு வெரலு. அப்புறம் மோதிர வெரல்ல பாதி."

"பாதியா?"

"ஆமா. நடுவெரலு பக்கத்துப் பாதி மரக்குது. சுண்டுவெரலு பக்கத்துப் பாதி நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். "கேட்டியா? வெரலுக்கு நடுவுல கோடு போட்டுப் பிரிச்சு வச்சிருக்கா."

அம்மாவும் விடவில்லை. "நாங்க தலைச்சொமையா காப்பி மூட்டைய எறக்குன ஆளுக. எங்களுக்கு முழுசா மரத்தாக்கூட சொன்னதில்ல. இவளுக்குப் பாதி வெரலு மரக்குதாம்."

நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் பிரயோசனம் இல்லை. சிரித்தபோதே எனக்குத் தெரியும், மோதிர விரலுக்கு இரண்டு நரம்புகள் வருகின்றன என்று. ஒரு பாதிக்கு மணிக்கட்டின் நடுவே குகை மாதிரி இருக்கும் இடுக்கு வழியாக வருகிற நரம்பு. மறு பாதிக்கு ஓரமாக வருகிற வேறொரு நரம்பு. அந்த இடுக்குக்குள் நரம்பு நசுங்கினால் மோதிர விரலில் சரியாகப் பாதிதான் மரக்கும். படிக்காத ஒரு பெண் தன் விரலில் அந்தக் கோட்டைச் சரியாகத் தொட்டுக் காட்டுகிறாள் என்றால் நோய் தன் பெயரை அவளிடம் சொல்லிவிட்டது என்றுதான் அர்த்தம். படித்ததெல்லாம் அந்தச் சோற்றுப் பந்தியில் எனக்கு ஞாபகத்தில் இருந்தது. ஆனாலும் அண்ணன் சிரித்த விதம் வேடிக்கையாக இருந்ததால் சிரித்தேன்.

"டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம் மதினி. புதன்கிழமை எங்கூட வாங்க," என்றேன்.

புதன்கிழமை குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்திருந்தார். பஸ்சில் கம்பியை விரலால் பிடிக்காமல் முழங்கையை மடக்கிக் கோத்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை இரண்டு நிமிடம் பார்த்தார். மதுரையிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருகிறவர், கெட்டிக்காரர், நல்லவரும்கூட. அன்று கூட்டம் அதிகம். சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

எனக்கும் அன்று வெளியே ஒன்பது பேர். வீட்டு ஆள்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மதினியைக் காத்திருக்கச் சொன்னேன். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்றரை வரை தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரைக்கு உள்ளே கூப்பிட்டேன். கை சில்லென்று இருந்தது. குளிர்ந்த கையில் அளவு தப்பாக வரும் என்பதால் வெந்நீர்ப் பை வைத்துச் சூடு பண்ணினேன். அது வரைக்கும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

ஆள்காட்டி விரலில் வளையம் மாட்டி மணிக்கட்டில் கரண்ட் வைத்தேன். திரையில் அலை வந்தது. அளவு எல்லைக்குள்தான் இருந்தது, ஓரத்தில். அடுத்து பெருவிரல் அடித் தசையில் பட்டையை ஒட்டினேன். அதிலும் அலை நன்றாக எழும்பியது. இனி மோதிர விரல். ஒரே விரலுக்கு இரண்டு நரம்புகள் வருவதால் இரண்டிலும் மாற்றி மாற்றிக் கரண்ட் வைத்து எது தாமதமாக வருகிறது என்று பார்ப்போம். மற்ற அளவெல்லாம் சரியாக இருந்தாலும் ஆரம்ப நோய் இந்த ஒப்பீட்டில் பல நேரம் பிடிபட்டுவிடும். ஐந்து நிமிட வேலை.

மதினி தானாகவே மோதிர விரலை நீட்டினார். "இந்த வெரல்தான் ஆத்தா ரொம்பப் படுத்துது."

மணி ஒன்று ஐம்பது ஆகியிருந்தது. டாக்டர் மூன்று மணிக்கு மதுரைக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் மற்றவர்களின் ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்குப் பசி வேறு.

"அதுவும் இதே நரம்புதான் மதினி. இங்க பாத்ததே போதும்," என்று ஒயரைக் கழற்றினேன்.

அவர் விரலை மடக்கிக்கொண்டார். டாக்டர் அளவுகளைப் பார்த்து, இயல்பாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், "என்னத்தா சொன்னாக?"

என் தோளில் இருந்த பையைக்கூட நான் இறக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா. நரம்பு நல்லாத்தான் இருக்கு. ரிப்போர்ட்டு நார்மல்."

ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணன் வாசலிலிருந்தே சொன்னார், "நான் அன்னைக்கே சொல்லல?"

மதினி என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏந்தா மரக்குது?"

"சத்துக் கொறச்சலா இருக்கும் மதினி. ரத்தம் கம்மியா இருந்தாலும் மரக்கும். மாத்திர வாங்கிட்டு வர்றேன்."

"மனசுல மரப்பு," என்றார் அண்ணன். "சோலிக்குப் போகக் கூடாதுன்னு மனசு நெனச்சா கை என்ன செய்யும்?"

மதினி தலையிலிருந்த பூவை எடுத்துச் சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். ரிப்போர்ட்டை அண்ணன் வாங்கி நாட்காட்டிக்குப் பின்னால் சொருகி வைத்தார். அதற்குப் பிறகு மதினி கையைப் பற்றி வாயைத் திறந்தால் அவர் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாராம், நாட்காட்டியை விரலால் காட்டுவாராம். இதை அம்மாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஒரு வார்த்தை கேட்டு நிறுத்தியிருக்கலாம். நான் சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதத்தில் மதினி கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஒருமுறை "கை எப்படி மதினி இருக்கு?" என்று கேட்டபோது "இருக்கு" என்றார். அதைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் குடோனில் வேலை குறைந்தது. சில மாதம் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் தன் ஜீப்பிலேயே மதினியைக் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துக்குக் காய் எடுக்கக் கூட்டிப் போனார். ஏலச்செடியில் காய் அடித்தூரில்தான் இருக்கும். குனிந்து, ஈரத்துக்குள் கையை விட்டு, பழுத்ததை மட்டும் தடவிக் கண்டுபிடித்துப் பறிக்க வேண்டும். விரலில் உணர்ச்சி இல்லாதவர் தடவி எதைக் கண்டுபிடிக்க முடியும்? மதினி பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்துவிட்டார் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். இறங்கி வருகிற வழி முழுக்க அண்ணனும் திட்டிக்கொண்டே வந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டெஸ்ட் எடுத்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், வேலையில் இருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"வெரசா வாத்தா. ஒங்க மதினி கால்ல கஞ்சிய ஊத்திக்கிட்டா."

சோறு வடிக்கும்போது பானை கையிலிருந்து நழுவியிருக்கிறது. அம்மா சொன்னது 'ஊத்திக்கிட்டா' என்றுதான். நான் போடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது இடது முழங்காலிலிருந்து பாதம் வரை மருந்து போட்டுக் கட்டியிருந்தார்கள். அண்ணன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "கவனம் எங்க இருந்துச்சு? பானையப் பிடிக்கத் தெரியாதா இத்தன வருசத்துல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபத்தில் கேட்டாரா பயத்தில் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

மதினி கண்ணை மூடிப் படுத்திருந்தார். வலது கை மல்லாந்து விரிப்பின்மேல் கிடந்தது. நான் ஆறுதல் சொல்ல அந்தக் கையைப் பிடிக்கக் குனிந்தேன். பிடிக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை இல்லை. அந்த இடம் கரண்டியால் வழித்து எடுத்த மாதிரி பள்ளமாக இருந்தது. நரம்பு நசுங்கி நசுங்கி, அது ஓட்டும் தசை வற்றிப்போனால்தான் இப்படி ஆகும். எத்தனையோ கைகளில் பார்த்திருக்கிறேன். இந்தக் கை வாரம் ஒருமுறை எனக்குச் சோறு போட்ட கை. எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"மதினி, பெருவெரல மேல தூக்குங்க."

முயற்சி செய்தார். விரல் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்ததே தவிர மேலே வரவில்லை.

"எத்தன நாளா இப்படி?"

"வருசமாச்சு."

"ஏன் மதினி சொல்லல?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "நீதானத்தா பாத்த. ஒண்ணுமில்லன்னியே."

கால் புண் கொஞ்சம் ஆறியதும் தேனிக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை முதல் ஆளாகப் படுக்க வைத்தேன். ஆள்காட்டி விரலில் கரண்ட் வைத்தால் திரையில் கோடு தட்டையாகவே ஓடியது. அளவைக் கூட்டினேன். மதினி பல்லைக் கடித்துக்கொண்டார், கோடு எழும்பவில்லை. மோதிர விரலில் ஓரத்து நரம்பு பளிச்சென்று பதில் சொன்னது, நடு நரம்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. பெருவிரல் தசையில் மிகத் தாமதமாக ஒரு சின்னப் புடைப்பு வந்தது, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் இருப்பது தெரிந்தது. அதுவும் சேர்ந்துதான் நரம்பைச் சீக்கிரம் கெடுத்திருக்கிறது என்றார் டாக்டர்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அப்போது புதிதாக ஒரு ஸ்கேன் டாக்டர் வந்திருந்தார், சின்ன வயதுப் பெண். வயிற்றுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கிற அதே ஸ்கேன் மிஷினில், உடம்பில் வைத்து நகர்த்துகிற குழல் மட்டும் வேறு மாட்டி, மணிக்கட்டு நரம்பையும் பார்த்துச் சொல்வார். மிஷின் பழசு. என் அறையிலிருந்து இருபதடி தள்ளித்தான் பல வருடமாக இருந்தது. அதில் கையைப் பார்க்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, டாக்டர்களும் எழுதிக் கொடுத்ததில்லை.

மதினியின் மணிக்கட்டில் பசை தடவிக் குழலை மெதுவாக நகர்த்தினார் அந்த டாக்டர். முழங்கைக்குக் கீழே நரம்பு சின்ன வட்டமாக, தேன்கூட்டின் கண்கள் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. குழல் மணிக்கட்டை நெருங்க நெருங்க வட்டம் பெருத்துக்கொண்டே வந்தது. புள்ளிகள் மறைந்து கறுப்பாக ஊதியிருந்தது. அதற்கு அடுத்து, இடுக்குக்குள் நுழைகிற இடத்தில், தட்டையாக அமுங்கிப்போயிருந்தது.

"பாருங்கம்மா, இதுதான் உங்க நரம்பு," என்று திரையை மதினி பக்கம் திருப்பினார். "இங்க சாதாரணமா இருக்கு. இங்க வந்து பாருங்க, ரெண்டு பங்கு வீங்கியிருக்கு. இவ்வளவு வச்சுக்கிட்டு எப்படிம்மா வேலை பாத்தீங்க?"

மதினி கண் கொட்டாமல் பார்த்தார். இடது கையால் திரையைத் தொடப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இது படத்துல தெரியுமா?"

"தெரியுதே."

"வலிக்கவே இல்லையே. இத மொதல்லயே எடுத்திருக்கலாம்ல?"

ஸ்கேன் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பசை துடைக்கத் துணி எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். மதினி அந்தப் படத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். "அவுககிட்டக் காட்டணும்," என்றார். அண்ணனிடம்.

மறுநாள் மதுரை டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். மிஷினிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் முன்னால் வந்தார்.

"மோதிர விரல் எடுக்கலையா?"

"எடுக்கல சார். அதுல பாதிதான் மரக்குதுன்னு அவங்க வீட்டுலயே சொன்னாங்க, இங்க விரலையும் நீட்டுனாங்க. நான்தான் போதும்னு விட்டுட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் திட்டை எதிர்பார்த்து நின்றேன். "எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. சிலருக்கு ஆரம்பத்துல கரண்ட் டெஸ்ட்ல எதுவுமே சிக்காது. ஸ்கேன்லயும் சிலருக்குச் சிக்காது. அவங்க பாதி விரல்னு சொன்னாங்கள்ல, அத நான் கேட்டிருக்கணும். இந்தக் கையெழுத்து என்னோடது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நார்மல்னா நம்ம மிஷினுக்குத் தெரியலன்னுதான் அர்த்தம். நாம அத அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு மாத்திச் சொல்லிடுறோம்," என்றார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மணிக்கட்டின் குறுக்கே நரம்பை அமுக்கிக்கொண்டிருந்த பட்டையை வெட்டிவிட்டார்கள். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றும், வற்றிய தசை பழையபடி வருவது சந்தேகம் என்றும் சொன்னார்கள். கால் புண்ணுக்கும் கட்டு மாற்ற வேண்டியிருந்ததால் மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் கீழே இறங்கிப் போனேன். தயிர்ச் சாதத்தை அவருக்கு ஊட்டினேன். அவருக்கு வலது கையில் கட்டு, இடது கையில் ஊசி. நாலு வாய் வாங்கியதும் சொல்லிவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு நீங்க மோதிர வெரல நீட்டுனீங்க. அதுலயும் ஒரு டெஸ்ட் இருக்கு. பசியில, நேரமாச்சுன்னு நான் எடுக்காம விட்டுட்டேன். எடுத்திருந்தா ஒருவேள அப்பவே தெரிஞ்சிருக்கும்."

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ டெஸ்டு எடுக்காம விட்டத நான் கொறையாச் சொல்லல. எத்தனயோ பேரப் பாக்குற, ஒண்ணு விட்டுப்போகும். நீ வீட்டுக்குள்ள வந்து, நின்னவாக்குல, அவுக முன்னாடி, அத்த முன்னாடி சொன்ன பாரு. எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம். பஸ்சுல அம்புட்டு நேரம் பக்கத்துலதான ஒக்காந்து வந்தோம்? அங்க ஒண்ணும் சொல்லல. வீட்டுல வந்து அவுககிட்டச் சொல்ற."

எனக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை. அரை மணி நேரப் பஸ் பயணத்தில் நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ரெண்டு வருசம், ஆத்தா," என்றார். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நாந்தான் நடிக்கிறேனோன்னு. கை எரியும், பக்கத்துல எல்லாரும் தூங்குவாக, எந்திரிச்சு ஒக்காந்து, நெசமாவே எரியுதா, நான் நெனச்சுக்கிடுறேனான்னு யோசிப்பேன். ஒனக்குத் தெரியாது அது."

மிச்சச் சோற்றை அவர் வாங்கவில்லை. போதும் என்று தலையை ஆட்டினார்.

ஸ்கேன் படத்தை மதினி அண்ணனிடம் காட்டினாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போனபோது நாட்காட்டிக்குப் பின்னால் இருந்த பழைய ரிப்போர்ட்டைக் காணவில்லை. அண்ணன் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மதினி மகள் வீட்டுக்குக் கம்பம் போயிருந்தார், ஒரு மாதம் ஓய்வு எடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி. போய் இப்போது ஏழு மாதம் ஆகப்போகிறது. பிரிந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அண்ணன் மாதம் இரண்டு முறை ஜீப்பை எடுத்துக்கொண்டு கம்பம் போகிறார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். "வர்றேன்னு சொல்றா, எப்பன்னு சொல்ல மாட்டேங்குறா," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. "கைதான் சரியாப் போச்சுல்ல, இன்னும் என்னவாம் அவளுக்கு?" என்கிறாள்.

கை சரியாகவில்லை. மரப்பு பெரும்பாலும் போய்விட்டது, எரிச்சலும் நின்றுவிட்டது. தூங்குகிறார். ஆனால் பெருவிரல் பிடிப்பு வரவில்லை. ஜாக்கெட் கொக்கியை மகள் மாட்டிவிடுகிறாள். ஊசியில் நூல் கோக்க முடியாது. குடோன் வேலை இனி இல்லை. அந்த விரல்களால் ஒரு ஏலக்காயைக் கிள்ள முடியாது.

போன மாதம் ஆறு மாதச் சோதனைக்கு மகளோடு தேனிக்கு வந்தார். பட்டியலில் அவர் பெயரைக் காலையிலேயே பார்த்துவிட்டு வெந்நீர்ப் பையைச் சூடு பண்ணி வைத்தேன். கதவுக்கு வந்தவர் உள்ளே வரவில்லை. பக்கத்தில் நின்ற நர்சிடம் தாழ்ந்த குரலில், "வேற யாராச்சும் பாப்பாகளா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

என்னோடு இன்னொரு பெண் வேலை பார்க்கிறாள், நான் பழக்கிவிட்டவள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மதினி என்னைக் கடந்துபோகும்போது, "நல்லாருக்கியா ஆத்தா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்துப் பெஞ்சில், அன்று அவர் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் ஒன்றையும் விடாமல் எடுக்கிறாள் என்று தெரிந்தது.

அவர்கள் போன பிறகு மிஷினில் பதிவாகியிருந்ததைத் திறந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலில் தட்டையாக ஓடிய கோட்டில் இப்போது சின்ன அலை இருந்தது. பெருவிரல் தசையிலும் புடைப்பு ஒரு சுற்று உயர்ந்திருந்தது. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் நகம் கடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் கம்பத்துக்குப் போன் போட்டேன்.

"மதினி, டெஸ்ட்ல கொஞ்சம் முன்னேத்தம் தெரியுது. அல வந்திருக்கு. நரம்பு மெதுவா வளருது."

அந்தப் பக்கம் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது.

"வெரலு கொஞ்சம் சூடு கண்டுபிடிக்குது ஆத்தா, போன மாசமே. எனக்குத் தெரியும்," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல மதினி."

"மணி ரெண்டாகப் போகுது. போயிச் சாப்பிடு. வைக்கிறேன்."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவராக எனக்குப் போன் செய்யவில்லை. நானும் இன்னும் செய்யவில்லை.